சனி திரும்பி வந்த வைகாசி

நிலா பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது என்று சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் சிரித்தார்கள். கல்லை மெதுவாக எறிந்தால் பக்கத்தில் விழும், வேகமாக எறிந்தால் தூரத்தில் விழும், இன்னும் இன்னும் வேகமாக எறிந்தால் அது விழுகிற அளவுக்குத் தரையும் வளைந்து கீழே விலகிக்கொண்டே போகும், அதனால் கல் விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது, நிலாவும் அப்படித்தான், நாம் அனுப்புகிற செயற்கைக்கோளும் அப்படித்தான் என்று கரும்பலகையில் வட்டம் போட்டுச் சொல்வேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தி எழுந்து, "அதுக்கு அலுப்பா இருக்காதா டீச்சர்?" என்று கேட்டாள். உராய்வு இல்லாத இடத்தில் அலுப்பு கிடையாது, உட்கார் என்றேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே திண்டுக்கல் திரும்பும்போது அவள் கேட்டது சரியான கேள்விதான் என்று பட்டது.

எண்பதுகளில் பாதிக்கு மேல் எனக்கு அந்த பஸ்ஸில்தான் கழிந்தது. காலையில் திண்டுக்கல்லில் ஏறி நிலக்கோட்டையில் இறங்கி, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திவிட்டு, சாயங்காலம் பூச்சந்தையிலிருந்து திரும்புகிற காலிப் பூச்சாக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு திரும்புவேன். மல்லிகை வாசனை என்று எழுதுகிறவர்கள் எல்லாம் ஒரு நாள் அந்தச் சாயங்கால பஸ்ஸில் வந்து பார்க்க வேண்டும். வெயிலில் வெந்த பூவின் வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து சேலையில் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் குளிப்பேன், அம்மா வைத்த காப்பியைக் குடிப்பேன், பிறகு யாரோடும் பேசப் பிடிக்காது. கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணமும் ஆகவில்லை. அதற்கும் ஒரு கிரகத்தைத்தான் காரணம் சொன்னார்கள், அதை இங்கே ஆரம்பித்தால் நிற்காது.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று கூண்டு மாதிரி இருந்த ஓர் அறையில் உட்கார்ந்து முப்பது வருஷம் எழுதினவர். ஓய்வு பெற்ற பிறகும் வாசலில் பஸ் சத்தம் கேட்டால் கை தானாக வாட்சைத் திருப்பும். பழனி வண்டி எட்டு நிமிஷம் லேட் என்பார், யாரும் கேட்காமலே. அவர் பஞ்சாங்கம் பார்த்ததும் அந்தப் பழக்கத்தில்தான். பக்தியால் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன். கோயிலுக்கு அதிகம் போகாதவர். வானத்தில் ஓடுகிற வண்டிகளுக்கு யாரோ கால அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள், அதை மதிக்காமல் நடந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான் என்பது அவருடைய எண்ணம்.

அம்மாவுக்குக் கன்னி ராசி. ஏழரைச் சனி நடந்துகொண்டிருந்தது. சனி வானத்தை ஒரு சுற்று சுற்றி வர முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கு வைத்தால் ராசிக்கு இரண்டரை வருஷம், நம் ராசிக்கு முந்தினது, நம் ராசி, அடுத்தது என்று மூன்றையும் கடந்து போக ஏழரை வருஷம். கணக்கு சுத்தமான கணக்கு, அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த ஏழரை வருஷத்தில் வீட்டு ஓடு ஒழுகினதிலிருந்து எருமை செத்தது வரை, எனக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப்போனதும் சேர்த்து, எல்லாவற்றையும் அப்பா அந்தக் கணக்கில் வைத்ததுதான் எனக்கு எரிச்சல். எருமைக்கு என்ன ராசி என்று ஒரு தடவை கேட்டேன். அம்மாதான் சிரித்தாள்.

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. பக்கத்து வீடுகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள், அதனால் முதலில் தெரிந்தது ஊசிதான். வெள்ளெழுத்து என்று நினைத்தோம். பிறகு ஒரு நாள் விளக்குப் போட்டதும், பல்பைச் சுற்றி வளையம் வளையமாகக் கலர் தெரியுது என்றாள். அன்று காலையில்தான் வகுப்பில் சனியின் வளையத்தைப் படம் போட்டுக் காட்டிவிட்டு வந்திருந்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தலையை வலிக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப் போனேன்.

கண் டாக்டர் ஒரு அம்மாள். அதிகம் பேசாதவர். கண்ணுக்குள்ளே நீர் அழுத்தம் கூடியிருக்கிறது, அது பின்னால் இருக்கிற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்குகிறது, வலது கண்ணில் அதிகம், சொட்டு மருந்து கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார். பார்வை திரும்பிவிடுமா என்று நான் கேட்டேன். அவர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"போனது வராதும்மா. இருக்கறத காப்பாத்திக்கலாம். அதனாலதான் தள்ளிப் போடாதீங்கன்னு சொல்றேன்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதே வார்த்தைகளைச் சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தை எடுத்தார். மார்கழி முதல் வாரத்தில் சனி துலாத்தை விட்டு விருச்சிகத்துக்குப் போகிறது, அதோடு ஏழரை முடிகிறது, இத்தனை வருஷம் இருந்துவிட்டோம், இன்னும் இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்றார். அதிலும் துலாம் அம்மாவுக்கு இரண்டாம் இடம், இரண்டாம் இடம் கண்ணுக்கு உரியது, அதில் சனி உட்கார்ந்திருக்கும்போது கண்ணில் கத்தி வைப்பதா என்று கேட்டார். இரண்டு மாதம்தானே என்று நானும் விட்டேன். மார்கழியில் பெயர்ச்சி வந்தது, அப்பா வெல்லம் வாங்கி வந்து அம்மாவைப் பொங்கல் வைக்கச் சொன்னார். மார்கழியில் நல்ல காரியம் கூடாது என்று தை வரை போனது. தை பிறந்ததும் தானே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கார்டு எழுதினார். மாசி இரண்டாவது வாரத்தில் வரச் சொல்லிப் பதில் வந்தது. அந்தக் கார்டை அப்பா தினசரிக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தார். இதுவரைக்கும் யார் மேலும் பெரிய குற்றம் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். சனி போனதும் வீட்டில் எல்லாம் எப்படிச் சரியாகி வருகிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நான் பாடாய்ப் பட்ட வாரம். செய்முறைத் தேர்வுக்கான சாமான்களில் பாதி உடைந்திருந்தன, பதிவேட்டில் இருந்த ஊசல் குண்டுகள் அலமாரியில் இல்லை, கேட்டால் நான்தான் பொறுப்பு என்றார்கள். சனி போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இன்றைக்கு இந்த மனிதரை ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்று தோன்றியது. பெற்ற அப்பாவை ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

சனி போய்விட்டது, போய்விட்டது என்கிறீர்களே, அது மறுபடி திரும்பி வருமே, தெரியுமா என்று கேட்டேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். வக்கிரம் என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும். கிரகம் கொஞ்ச நாள் பின்னால் போகும், பிறகு முன்னால் வரும், பஞ்சாங்கத்தில் வ என்று ஓர் எழுத்துப் போட்டிருப்பார்கள். ஏன் போகிறது என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். கரும்பலகை இல்லை, சாக்பீஸ் இல்லை, ஆனால் எதிரே இருந்தவர் டைம் கீப்பர். அதனால் பஸ்ஸை வைத்தே சொன்னேன். மதுரை போகிற எக்ஸ்பிரஸ்ஸில் இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் சின்னாளபட்டி போகிற டவுன் பஸ் உருட்டிக்கொண்டு போகிறது. தூரத்தில் சிறுமலை நிற்கிறது. எக்ஸ்பிரஸ் வலது பக்கமாக ஏறி டவுன் பஸ்ஸைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் டவுன் பஸ் எப்படித் தெரியும்?

"பின்னால போற மாதிரித் தெரியும்" என்றார் அப்பா.

ஆனால் அது பின்னால் போகிறதா? இல்லை. அதுவும் மதுரைப் பக்கம்தான் போகிறது. நாம்தான் வேகமாகப் போகிறோம். அதுதான் சனி என்றேன். சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றுகிற கிரகம் வேகமாகச் சுற்றும், தள்ளிச் சுற்றுகிறது மெதுவாகச் சுற்றும். நாம் ஒரு வருஷத்தில் ஒரு சுற்றை முடித்துவிட்டு வந்து பார்த்தால் சனி அதற்குள் கொஞ்சம்தான் நகர்ந்திருக்கும், அந்தக் கொஞ்சத்தையும் ஓடிப் பிடிக்க நமக்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும். பிடித்துத் தாண்டுகிற நாலரை மாதமும் அது நட்சத்திரங்களுக்கு எதிரே பின்னால் போகிற மாதிரி இருக்கும். வருஷா வருஷம் நடக்கிற ஓவர்டேக், அவ்வளவுதான். இதில் கோபித்துக்கொண்டு திரும்பி வர அங்கே யாரும் இல்லை என்று முடித்தேன்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் அப்பாவைப் போலப் புரிந்துகொண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை எக்ஸ்பிரஸ்ஸாகவும் ஒரு கையை டவுன் பஸ்ஸாகவும் வைத்து ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு அவர் கேட்ட கேள்வியை உலகத்தில் ஒரு டைம் கீப்பர்தான் கேட்டிருக்க முடியும்.

"சரி பாப்பா. இந்த வருஷம் எத்தன மணிக்கு, எந்த ஊருகிட்ட வச்சு ஓவர்டேக்கு?"

அடுத்த வருஷப் பஞ்சாங்கம் பங்குனியில்தான் கடைக்கு வரும். சித்திரைக்குப் பிறகு நடக்கப் போவது என்ன என்று அன்றைக்கு அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. கையிலிருந்த பஞ்சாங்கத்தை வாங்கிப் பார்த்தேன். போன தடவை வக்கிரம் தொடங்கின தேதி அதற்கு முந்தின வருஷப் புத்தகத்தில் இருந்தது. அதோடு பதின்மூன்று நாள் கூட்டினால் இந்த வருஷத் தொடக்கம். அதற்குள் சனி விருச்சிகத்தில் நாலு பாகை அளவுக்குத்தான் உள்ளே போயிருக்கும். பின்வாங்குவதோ ஏறக்குறைய ஏழு பாகை. காப்பி டம்ளர் வைத்த வட்டக்கறை இருந்த ஒரு தாளின் பின்பக்கம் பென்சிலால் போட்டேன். வைகாசி நடுவுக்கு மேல் சனி எல்லையைத் தாண்டித் துலாத்துக்குள் மறுபடி வந்துவிடும், புரட்டாசி பிறக்கும்போதுதான் கடைசியாகப் போகும் என்று வந்தது. இரண்டு தடவை சரி பார்த்தேன். களைப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளை மாதிரி அதை அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மாசியில் கத்தி வைத்தால் புண் ஆறி முடிவதற்குள் சனி மறுபடி கண் வீட்டுக்கு வந்துவிடுவான், புரட்டாசியில் பார்த்துக்கொள்வோம் என்றார்.

நான் கத்தினேன். திரும்பி வரவில்லை, வருகிற மாதிரித் தெரிகிறது, அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன், அது எங்கேயும் போகவில்லை, எங்கிருந்தும் வரவில்லை என்றேன். டாக்டர் தள்ளிப் போட வேண்டாம் என்றதைச் சொன்னேன். அப்பா கோபப்படவே இல்லை. பொறுமையாக, எனக்குப் பாடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"முப்பது வருசம் நான் எதப் பாத்து எழுதுனேன்? வண்டி என் கண்ணு முன்னால வர்றதப் பாத்துத்தான் எழுதுனேன். டிரைவரு அங்கிட்டு எப்பிடி ஓட்டுனான்னு எனக்குத் தெரியுமா? நாம இருக்கிற எடத்துலருந்து என்ன தெரியுதோ அதுதான் பாப்பா நமக்கு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்திருக்க வேண்டும். வானத்தில் எந்தக் கிரகமும் நாம் நின்ற இடத்தைப் பொறுத்துத்தான் முன்னும் பின்னும் போகிறது என்று நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நின்ற இடம் முக்கியமில்லை என்று எப்படிச் சொல்வேன்? இன்னும் கொஞ்ச நேரம் வாதாடினேன். பிறகு விட்டுவிட்டேன். அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காலண்டர் ஆணியிலிருந்த கார்டை அப்பா எடுத்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார்.

நான் சம்பாதிக்கிறவள். மதுரைக்கு பஸ் தெரியும். அப்பாவைக் கேட்காமல் அம்மாவைக் கூட்டிப் போயிருக்கலாம். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. மாசியில் செய்முறைத் தேர்வு, பங்குனியில் பரீட்சை, சித்திரையில் விடைத்தாள் திருத்த வெளியூர். காலையில் போகும்போது அம்மாவுக்கு ஒரு சொட்டு, திரும்பி வந்ததும் ஒரு சொட்டு. மருந்து விட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எரியுது என்பாள், பிறகு போய் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குவாள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பங்குனிக் கடைசியில் புதுப் பஞ்சாங்கம் வந்தது. அப்பா முதல் வேலையாகச் சனி இருந்த பக்கத்தைப் புரட்டினார். நான் பென்சிலில் போட்டதற்கும் அச்சில் இருந்ததற்கும் ஒரு வாரம்கூட வித்தியாசம் இல்லை. அவருடைய சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளிடமெல்லாம், எம்பொண்ணு பஞ்சாங்கம் வர்றதுக்கு முந்தியே சொல்லிட்டா என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு கண்டக்டர் நிலக்கோட்டை பஸ்ஸில் என்னைப் பார்த்து, தன் மகனுக்குக் குரு எப்போது பார்க்கும் என்று கேட்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பேர் அதுதான். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது.

வைகாசியில் சனி துலாத்துக்குத் திரும்பியது. வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆடியில் அம்மாவுக்கு ஒரு நாள் மண்டை பிளக்கிற வலி வந்தது. வாந்தி எடுத்தாள். பித்தம் என்று பக்கத்து வீட்டுக்காரி இஞ்சி தட்டிக் கொடுத்தாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டாம் என்றார் அப்பா. அடுத்த நாள் தேவலை என்றாள். ஆவணி பிறந்து சில நாள் கழித்து, இடது கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கிக்கொண்டிருந்தவள், அப்படியே கையைக் கண்ணில் வைத்தபடி அசையாமல் நின்றாள். என்னம்மா என்றேன். இந்தக் கண்ணைப் பொத்தினால் இருட்டாயிருக்கிறது என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், உப்பு தீர்ந்துபோனதைச் சொல்கிற மாதிரி.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரையும் கேட்கவில்லை. புரட்டாசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அப்பா வாசல் வரை வந்தார். தடுக்கவில்லை. வாட்சைப் பார்த்தார், அஞ்சு நாப்பது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார், அது பழக்கம். எனக்கு அந்த நேரத்தில் அந்த வாட்சைப் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும் போலிருந்தது.

டாக்டர் அம்மாள் பழைய சீட்டைப் பார்த்தார். மாசியில் வரச் சொல்லியிருந்தோமே என்றார். என்ன சொல்வது? பூமி சனியை ஓவர்டேக் செய்தது, அதனால் வரவில்லை என்றா? பரீட்சை நேரம், முடியவில்லை என்று சொன்னேன். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர்கள், நீங்களே இப்படிச் செய்தால் எப்படி என்று அவர் கேட்டார், அதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். வலது கண் போனது போனதுதான் என்றார். இடது கண்ணுக்கு இரண்டு நாளில் ஆபரேஷன் செய்தார்கள். அது பிழைத்தது. ஆனால் ஓரங்கள் போய்விட்டன. நேரே இருப்பது மட்டும் தெரியும், கதவு இடுக்கு வழியாகப் பார்க்கிற மாதிரி.

திரும்பி வருவதற்குள் திண்டுக்கல் தனி மாவட்டமாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் தோரணம் கட்டியிருந்தார்கள். அம்மா கண்ணில் பச்சைத் துணியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு தோரணத்துக்கு அடியில் நடந்து வந்தாள், என்ன சத்தம் இது என்று கேட்டாள். மாவட்டம் வந்திருக்கிறது என்றேன். நல்லதுதான் என்றாள்.

சனி துலாத்தில் இருக்கும்போதே செய்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்க வழியெல்லாம் வாய்க்குள் தயார் செய்துகொண்டு வந்தேன். அவர் எனக்கு முந்திக்கொண்டார். இரண்டாம் இடம் வலது கண், பன்னிரண்டாம் இடம்தான் இடது, அதனால் இடது கண்ணைச் சனி தொட மாட்டான், மாசியில் வலது கண்ணில் கத்தி வைத்திருந்தால் ரெண்டும் போயிருக்கும், நீ கணக்குப் போட்டுச் சொன்னதால் ஒன்றாவது மிஞ்சியது என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பில்லை. எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதரோடு அதற்குப் பிறகு நான் எந்தக் கிரகத்தைப் பற்றியும் பேசவில்லை. வகுப்பில் அந்தப் பாடம் வந்தால், சனி பின்னால் போகிற பகுதியைப் புத்தகத்திலிருந்து வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். பஸ் உதாரணம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் என்று நினைக்கிறேன். காற்றுக் காலம். அப்பா வழக்கம்போலப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன், அம்மாவும் கூடவே படியைத் தடவிக்கொண்டு ஏறி வந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. சிறுமலைக்கு மேலே மினுக்காமல் ஒரு வெளிச்சம் நின்றது. நான் அதைப் பார்த்ததை அவள் எப்படிக் கண்டுபிடித்தாளோ, அதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காட்டு என்றாள். பின்னால் நின்று அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். இடது கண்ணின் அந்த இடுக்குக்கு நேராக அது வந்ததும், நிறுத்து என்றாள்.

செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்புட்டுத்தானா? இம்புட்டுக் கூத்துக்கும் இதுவா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் உனக்குக் கண் இருந்திருக்கும் அம்மா, என்னால்தான் போனது என்று முதல் தடவையாகச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. சிறுமலைப் பக்கம் பார்த்தபடியே பேசினாள்.

"அடி போடி. நீ அது திரும்பி வருதுன்னு சொன்னப்ப எனக்கு எம்புட்டு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? கண்ணுல கத்தி வைக்கிறாங்கன்னதுலருந்து எனக்கு ஒறக்கமே கெடையாது. ஒங்கப்பா புரட்டாசின்னாரு, அன்னைக்கித்தான் ஒறங்குனேன். நான் போகமாட்டேன்னு சொல்லத் தைரியம் இல்ல, நீ காரணம் குடுத்த. மனசுல வச்சுக்கிட்டுத் திரியாத பாப்பா."

எனக்காகச் சொன்னாளா, உண்மையாகவே அப்படித்தானா என்று தெரியவில்லை. உண்மையாகத்தான் இருக்கும். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். என் முறை என்று எனக்குத் தெரிந்தது.

ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா புரட்டாசி என்று சொன்னதும், நான் கத்துவதற்கு முன்னால், எனக்குள் ஒன்று நடந்தது. மாசி இரண்டாவது வாரம் செய்முறைத் தேர்வு. லீவு கேட்டுத் தலைமையாசிரியை முன்னால் நிற்க வேண்டியதில்லை. பத்து நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்க வேண்டியதில்லை. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நிலக்கோட்டைக்கும் அலைய வேண்டியதில்லை. அப்பாடா என்று உடம்பு தானாகச் சொன்னது. அதற்குப் பிறகுதான் கத்தினேன். கொஞ்ச நேரம் கத்திவிட்டு நிறுத்தினதும் அதனால்தான். அப்பாவிடம் பதில் இல்லாமல் தோற்றேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது முழு உண்மை இல்லை.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது அம்மா என்று ஒரு வரி. அவளுக்குச் சொல்ல முடிந்தது, எனக்கு முடியவில்லை. காற்று அடிக்கிறது, கீழே போவோம் என்றேன். படியில் அவளுக்கு வலது பக்கமாக நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் அவளுக்குப் பார்வை இல்லை.